ஒருவர் தூங்கும்போது மற்றவர் எங்கே உட்காருவது?

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமா நடிகர்கள்தான். காட்சி முடிந்ததும் நாயகன் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் குளிர்சாதன வண்டி. அந்தச் சொல்லை வானொலியில் திரைச் செய்திகளுக்கு நடுவே நானும் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் அது சாதாரணக் குடும்பங்களின் வாகனம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டைத்தான் அங்கே கேரவன் என்கிறார்கள். அந்த வீட்டையே எஞ்சினோடு சேர்த்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டால் அது மோட்டார்ஹோம். அதில் கொஞ்சம் சிறியது கேம்பர்வேன்.

ஒரே இடத்தில் நான்கைந்து நாள் தங்கப் போகிறவர்களுக்கு இழுத்துச் செல்லும் கேரவன் வசதி. வீட்டை ஏரிக்கரையில் விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம். ஆனால் பின்னோக்கி ஓட்டும்போது அது நாம் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையும். பழக வேண்டும். பத்து நாளில் பல ஊர் பார்க்க நினைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மோட்டார்ஹோம்தான் சரி. சென்ற ஏப்ரலில் கணவரும் நானும் நியூசிலாந்தின் தென் தீவுக்குச் சென்றது அப்படி ஒரு வாடகை வண்டியில்தான். ஊர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இருவருக்கான வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

நாலறை வீட்டில் ஓர் அறை

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் இப்படித் தேடினோம் என்பது புரியும். திருமணமாகி மூன்று ஆண்டுகள். தெங்காவில் பதிவு செய்த வீவக வீட்டுக்குச் சாவி கிடைக்க இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அதுவரை ஈசூனில் மாமனார், மாமியார், கொழுந்தனாரோடு நாலறை வீட்டில் இருக்கிறோம். எனக்குக் காலை நிகழ்ச்சி என்பதால் நான்கு மணிக்கு எழ வேண்டும். கணவருக்குக் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் 12 மணி நேர வேலை. பகலும் இரவும் மாறி மாறி வரும்.

அவருக்கு இரவு வேலை உள்ள வாரங்களில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே குறைவு. அவர் வீடு திரும்பிப் படுக்கும்போது நான் ஒலிபரப்பில் இருப்பேன். நான் பிற்பகலில் வரும்போது அவர் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார். அறையில் விளக்கைப் போட முடியாது. வரவேற்பறையில் மாமா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்தால் அத்தை வந்து, "ஏம்மா, தலைவலியா? இஞ்சி டீ போடவா?" என்று கேட்பார். அன்பில் ஒரு குறையும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க ஓர் இடம்தான் இல்லை.

அதனால் வண்டிகளின் படங்களைப் பார்க்கத் தொடங்கியபோது எங்களுக்கு ஒரே கேள்விதான் முக்கியமாகப் பட்டது. இருவரில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் எங்கே உட்காருவது?

கீழ்த்தளத்தில் ஒட்டுநாடா

இணையப் படங்களில் எல்லா வண்டியும் அழகாகத்தான் இருக்கும். மேசையில் இரண்டு காப்பிக் கோப்பைகள், ஜன்னலுக்கு வெளியே நீல ஏரி, திறந்த கதவு வழியே வெயில். நாங்கள் போன ஏப்ரல் பிற்பகுதியில் தென் தீவில் மாலை ஆறு மணிவாக்கிலேயே இருட்டிவிடும். விடிவது ஏழு மணிக்கு மேல். நாளில் பாதிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருக்க வேண்டும். ஆகவே வண்டியை அந்த இருட்டு நேரத்துக்காகத் தேர்ந்தெடுப்பதே சரி.

கணவர் ஒரு யோசனை சொன்னார். ஓர் இரவு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய், அளவு நாடாவால் அளந்து, சிமெண்டுத் தரையில் ஒட்டுநாடாவால் வண்டியின் உட்புறத்தை வரைந்தோம். வெளியே சுமார் 7 மீட்டர் நீளமுள்ள வண்டியில் ஓட்டுநர் பகுதி போக, வாழும் பகுதி ஏறக்குறைய 4.5 மீட்டர்தான். அகலம் 1.8 மீட்டர். அதற்குள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் கோடு போட்டோம். "என்ன, கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார் மேல்மாடிப் பெரியவர்.

கோட்டுக்குள் நடந்து பார்த்தபோதுதான் படத்தில் தெரியாதவை தெரிந்தன. நான் அடுப்பு முன்னால் நின்றால் அவர் கழிப்பறைக்குப் போக முடியாது. அவர் உயரம் 1.83 மீட்டர். வண்டியின் குறுக்கே போட்ட படுக்கையில் அவர் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். இதைச் செய்து பார்க்க ஒரு காசும் செலவில்லை. வண்டி பதிவு செய்யும் எவரும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

படுக்கை விஷயம்

இருவருக்கான வண்டிகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, டொயோட்டா ஹையேஸ் அளவிலான சிறிய வேன். வாடகை குறைவு, ஓட்டுவதும் எளிது. ஆனால் படுக்கையை விரித்துவிட்டால் உள்ளே வேறு இடமே இருக்காது. பலவற்றில் அடுப்பு பின்கதவைத் திறந்தால்தான் தெரியும்; மழையில் குடை பிடித்துக்கொண்டு சமைக்க வேண்டும்.

இரண்டாவது, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற உயரமான வேன். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். சிறிய குளியல் அறையோடு சேர்ந்த கழிப்பறை உண்டு. பின்புறம் உள்ள சோபா இரவில் படுக்கையாக மாறும். மேசையைக் கழற்றி, பலகையைப் போட்டு, மெத்தைகளை அடுக்க வேண்டும். தினமும் இரவில் பத்து நிமிடம், காலையில் பத்து நிமிடம். மூன்றாவது வகையில் படுக்கை எப்போதும் விரித்தபடி நிலையாக இருக்கும். அல்லது பொத்தானை அழுத்தினால் கூரையிலிருந்து இறங்கும். படுக்கை நிலையாக இருந்தால் உட்காரும் இடம் சுருங்கும். கூரையிலிருந்து இறங்கினால் அதன் கீழே உள்ள சோபாவும் மேசையும் இரவில் பயன்படாது.

எங்கள் கேள்விக்கு விடை இரண்டாவது வகையிலேயே ஓர் அமைப்பில் கிடைத்தது. வண்டியின் நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு சோபாக்கள். நடுவே நடக்க வழி. இரண்டையும் இணைத்துப் பெரிய கட்டிலாக்கலாம். தேவையில்லை என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் படுக்கை விரித்து, மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அத்தோடு ஓட்டுநர் இருக்கையும் பக்கத்து இருக்கையும் பின்பக்கமாகச் சுழன்று திரும்பும். நடுவில் திரையை இழுத்துவிட்டால் முன்பகுதி ஒரு தனி அறை மாதிரி ஆகிவிடும். பிரிட்டனில் இருவருக்கென்று செய்யப்படும் இழுவைக் கேரவன்களிலும் இப்படி எதிரெதிர் சோபாக்கள் வைப்பது பழைய வழக்கம். அவற்றில் பின்பக்கம் முழு அகலத்துக்கும் குளியலறை இருக்கும்.

வானொலி நிலையத்தில் ஒரு தோழி, "ஜோடியா போறீங்க, தனித்தனிக் கட்டிலா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ஒரே கட்டிலில் வெவ்வேறு நேரங்களில் தூங்குவது எப்படி என்று எங்களுக்குத்தானே தெரியும்.

கழிப்பறையும் சட்டமும்

'கேம்ப்கிரவுண்டில்தான் கழிப்பறை இருக்கிறதே, வண்டியில் எதற்கு?' என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்தில் கட்டணமில்லாப் பொது இடங்கள் பலவற்றில் இரவு தங்க, வண்டிக்குத் 'தன்னிறைவு' சான்றிதழ் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கான நல்ல தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்தின்படி, தூக்கி வைக்கும் கழிப்பறை செல்லாது. வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். படுக்கை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். பதிவு செய்யும்போது பச்சை நிறச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

வண்டிக் கழிப்பறையின் அடியில் ஏறக்குறைய 18 லிட்டர் பெட்டி ஒன்று இருக்கும். இருவருக்கு இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். அதை வெளிப்பக்கமாக இழுத்து எடுத்து, 'டம்ப் ஸ்டேஷன்' என்ற இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். தம்பதியர் புறப்படும் முன்பே யார் செய்வது என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்.

சூடு, மின்சாரம், ரசம்

சிங்கப்பூர் உடம்புக்கு ஏப்ரல் இரவே போதும். மலைப்பகுதியில் உறைநிலையைத் தொடும். ஆகவே ஹீட்டர் எதில் ஓடுகிறது என்று கேட்க வேண்டும். மின்சாரத்தில் மட்டும் ஓடும் ஹீட்டர், மின் இணைப்புள்ள கேம்ப்கிரவுண்டில்தான் உதவும். டீசல் அல்லது எரிவாயு ஹீட்டர் எங்கே நிறுத்தினாலும் வேலை செய்யும். நாங்கள் டீசல் ஹீட்டர் உள்ள வண்டியை எடுத்தோம்.

வண்டியில் இரண்டு வகை மின்சாரம் உண்டு. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, குளிர்பதனப்பெட்டி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். மைக்ரோவேவ், மின்சாரக் கெண்டி, முடி உலர்த்தி இவற்றுக்கு 230 வோல்ட் வேண்டும். மின் இணைப்புள்ள இடத்தில் வண்டியைச் செருகினால்தான் வேலை செய்யும். சோற்றுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பில்லாத இரவில் எரிவாயு அடுப்பில் பாத்திரம் வைத்துத்தான் சோறு வடிக்க வேண்டும்.

நம் சமையலுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. அடுப்பு பக்கவாட்டுக் கதவுக்கு அருகில் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். கதவைத் திறந்து வைத்துத் தாளிக்கலாம். அடுப்புக்கு மூன்றடி தள்ளித்தான் தலையணை. காய்ந்த மிளகாய் வாசனை படுக்கை விரிப்பில் ஏறினால் பயணம் முடியும் வரை போகாது. புகை எச்சரிக்கைக் கருவியும் நம் தாளிப்பைத் தீ விபத்து என்றே நினைக்கும். முதல் நாள் ரசத்துக்கு அது போட்ட கூச்சலில் பக்கத்து வண்டித் தம்பதியர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு கோப்பை ரசம் கொடுத்தோம்.

சமைத்த ஆவியும் இருவரின் மூச்சும் சேர்ந்து காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீராக வழியும். கூரைத் துளைமூடியை ஒரு விரலளவு திறந்து வைத்துத் தூங்கினால் அது குறையும்.

இங்கிருந்து மசாலாப் பொடி கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். எந்த உணவுப் பொருளானாலும் நாட்டுக்குள் நுழையும்போது அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மலையடியில் ஓர் இரவு

சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானத்தில் சுமார் 10 மணி நேரம். இறங்கிய அன்றே வண்டியை எடுக்காமல் ஊரில் ஓர் இரவு தூங்கினோம். மறுநாள் வண்டியைக் காட்டிக் கொடுத்த ஊழியர் விளக்கியதை எல்லாம் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டோம். அந்தக் காணொளியைப் பத்து நாளில் ஐந்தாறு முறையாவது பார்த்திருப்போம். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினோம். பேரங்காடி வாகன நிறுத்துமிடங்களில் உயரத் தடைக்கம்பி இருக்கும்; கூரை சேதத்தை எல்லாக் காப்புறுதியும் ஏற்காது.

அங்கும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். சிங்கப்பூர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே போதும். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் நிறைய உண்டு. சிவப்பு வட்டத்துக்குள் நம் பக்க அம்பு சிறிய சிவப்பு அம்பாக இருந்தால் எதிரே வருபவருக்கு நாம் வழிவிட வேண்டும்.

முதல் இரண்டு இரவுகள் தெக்காப்போ ஏரிக்கரையில், மின் இணைப்புள்ள இடத்தில் தங்கினோம். பனியாறு அரைத்துவிட்ட பாறை மாவு கலந்திருப்பதால் ஏரித் தண்ணீர் பால் கலந்த நீலமாக இருக்கும். கரையில் 1935இல் கட்டப்பட்ட சிறிய கல் தேவாலயம். அந்தப் பகுதி 2012 முதல் அனைத்துலக இருண்ட வானக் காப்பகம். தெரு விளக்குகளைக்கூட வானத்துக்கு ஒளி போகாதபடி மூடி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் புக்காக்கி ஏரியை ஒட்டி ஓட்டிக்கொண்டு, 3,724 மீட்டர் உயரமுள்ள அவோராக்கி என்கிற மவுண்ட் குக் மலையடிக்குப் போனோம். அங்கே ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற அரசாங்க முகாமிடம் இருக்கிறது. மின் இணைப்பு கிடையாது. வண்டியில் உள்ளதை வைத்துத்தான் இரவைக் கழிக்க வேண்டும்.

நியூசிலாந்து அப்போது நமக்கு 4 மணி நேரம் முன்னால். காலை நான்கு மணிக்கு எழுந்து பழகிய என் உடம்பு, அங்கே எட்டு மணி வரை தூங்கியது. இரவு வேலைக்குப் பழகிய அவர் உடம்புக்கோ நள்ளிரவு தாண்டினால் தூக்கமே வரவில்லை. நான் கண் விழித்தபோது அவர் படுக்கை மடித்து வைத்திருந்தது. முன்பகுதித் திரையை விலக்கினேன். பின்பக்கமாகச் சுழற்றிய இருக்கையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஆறிப்போன மைலோ. மூன்று மணியிலிருந்து அங்கேயே இருந்தாராம்.

"எழுப்பியிருக்கலாமே?"

"எதுக்கு? நீ தூங்குறதைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

வெளியே மலை உச்சியில் வெயில் பட்டிருந்தது. நாங்கள் அதை அப்புறம்தான் பார்த்தோம்.

மழை நாள் கணக்கு

அங்கிருந்து லிண்டிஸ் கணவாய் வழியாக வானாக்கா போனோம். ஏரிக்கரை பாப்லர் மரங்கள் மஞ்சளாகி நின்றன. மறுநாள் முழுக்க மழை. வெளியே போக வழியில்லை. ஹீட்டரைப் போட்டு, மேசையை மாட்டி, எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறினால் மாதம் எவ்வளவு குறையும்? புது வீட்டுச் சீரமைப்புக்கு எவ்வளவு வைத்திருக்கிறோம்? எதைக் குறைக்கலாம்? குழந்தை பற்றி எப்போது யோசிப்பது? மூன்று ஆண்டாகக் குறுஞ்செய்தியில் பாதி, காரில் பாதி என்று பேசிக்கொண்டிருந்த விஷயங்கள். இருவரும் விழித்திருக்க, ஒரே மேசையில், மூன்று மணி நேரம் தொடர்ந்து பேசினோம். நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போக முடியாத மழை. அவர் எழுந்து டீ போட்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

சாவி வாங்கும் மாதத்தோடு இரவு வேலையை விட்டுவிடுவதென்று அன்று முடிவானது. சீரமைப்புப் பட்டியலில் முதலில் அடிபட்டது அவருக்கு மிகவும் பிடித்த ஒன்று. தெங்கா வீட்டில் இரண்டு சிறிய அறைகளுக்கு நடுவே உள்ள சுவரை இடித்து ஒரே பெரிய அறையாக்க நினைத்திருந்தார். ஒப்பந்தக்காரர் வரைந்து கொடுத்த படம்கூட அழகாகத்தான் இருந்தது. அவரே அதைக் கோடு போட்டு அடித்தார்.

"சுவர் இருக்கட்டும். நீ நாலு மணிக்கு எழுந்தா விளக்கு போட ஒரு ரூம் வேணும்ல."

இருவருக்கான வண்டி தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படுக்கை எத்தனை பேருக்கு என்பதை எல்லா நிறுவனங்களும் எழுதியிருக்கும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் உட்கார இடமிருக்கிறதா, விளக்கைத் தனியாகப் போட முடிகிறதா, மழை நாளில் இருவரும் முகம் பார்த்து உட்கார மேசை இருக்கிறதா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். ஹீட்டர், கழிப்பறை, அடுப்பு எல்லாம் அதற்குப் பிறகு. ஒட்டுநாடா ஒரு சுருள் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

தெங்கா வீட்டுக்கும் இப்போது எங்களிடம் ஒரு சுருள் இருக்கிறது.